அக்டோபர் 14க்குப் பிறகு வந்த மடிக்கணினிகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் காலையில் தோசையும் நாசி லெமாக்கும் விற்கும் அக்கா ஒருவர், துணிப்பையில் ஒரு மடிக்கணினியைப் போட்டுக்கொண்டு வந்தார். பழைய முதலாளியின் மகன் பாவித்தது, பிறகு இவர் தம்பி வீட்டில் இருந்தது, இப்போது படிவம் நான்கு படிக்கும் மகனிடம் வந்திருக்கிறது. "தம்பி, இது செத்துப்போச்சா, இல்ல இனிமேதான் சாகப்போகுதா?" என்று கேட்டார். திறந்து பார்த்தேன். ஆறாம் தலைமுறை இன்டெல் சில்லு, 4 ஜிபி ரேம், உள்ளே இன்னும் சுழலும் வட்டு. கண் விழிக்க மூன்று நிமிடம் ஆனது, ஆனால் விழித்தது. திரை நிறைய ஓர் அறிவிப்பு: விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது.

"ஒன்னும் ஆகலக்கா, நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்கிறத எதுக்கு முடிஞ்சுபோச்சுங்குது?"

வார நாளில் எனக்கு ஈப்போவில் வேலை. சனி, ஞாயிறில் மாமா கடையின் பின்னறையில் ஒரு மேசை போட்டு, தெரிந்தவர்களின் கணினிகளைப் பார்த்துக் கொடுப்பேன். 2025 அக்டோபருக்குப் பிறகு அந்த மேசைக்கு வந்தவற்றில் பாதி இந்த மாதிரிதான். பழுது ஒன்றும் இருக்காது, பயம் மட்டும் இருக்கும். விண்டோஸ் நல்லதா, மேக் நல்லதா, லினக்ஸ் நல்லதா என்று கேட்பவர்களுக்கு நான் அழகையும் வசதியையும் பட்டியல் போட்டுக் காட்டுவதை நிறுத்திவிட்டேன். மெனு இடப்பக்கம் இருக்கிறதா நடுவில் இருக்கிறதா என்பது ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். நம் ஊரில், மூன்றாம் கை மாறி வரும் கணினிக்கு, முதலில் பார்க்கவேண்டியது வேறு: ஒரு கணினி கிழடாகிவிட்டது என்று எந்த இயங்குதளத்தில் (கணினியை ஓட்டும் அடிப்படை மென்பொருளில்) யார் முடிவு செய்கிறார்கள்?

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29இல். மைக்ரோசாஃப்ட் அதற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்தியது. பத்து வருஷம் என்பது குறைவான காலமில்லை. நிறுத்தியதால் கணினி நின்றுவிடாது, நாளைக்கும் ஓடும். ஆனால் இயங்குதளம் என்பது கோடிக்கணக்கான வரி நிரல். அதில் ஓட்டைகள் மாதாமாதம் கண்டுபிடிக்கப்படும், சைக்கிள் டியூப்புக்குப் பஞ்சர் ஒட்டுவதுபோல் மாதாமாதம் ஒட்டுப் போடுவார்கள். மைக்ரோசாஃப்ட் அதை ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை செய்கிறது. அமெரிக்காவின் செவ்வாய் நமக்குப் புதன் அதிகாலை. புதன்கிழமை காலையில் அலுவலகக் கணினி "சற்றுப் பொறு" என்று சக்கரம் சுற்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆதரவு முடிந்த பிறகு ஓட்டை கண்டுபிடிக்கப்படுவது நிற்பதில்லை, ஒட்டுவதுதான் நிற்கிறது.

இதில் மிகைப்படுத்தல் இல்லை. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற தீநிரல் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே ஒட்டுப் போட்டிருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள், தள்ளிப்போட்டவர்கள் மாட்டினார்கள். 2014இலேயே கைவிடப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பி என்ற பழைய பதிப்புக்குக்கூட அன்று விதிவிலக்காக ஓர் ஒட்டு வெளியிட வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட கருணை ஒவ்வொரு முறையும் வரும் என்று நம்பி உட்கார முடியாது.

"அப்ப அந்தப் பதினொன்ன ஏத்திக் குடேன்" என்பார்கள். அங்கேதான் சிக்கல். விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் போதும் என்கிறார்கள், அது பெரிய விஷயமில்லை. ஆனால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், எழும்போதே நம்பகமான நிரலை மட்டும் உள்ளே விடும் செக்யூர் பூட் வேண்டும், இன்டெல் என்றால் சில விதிவிலக்குகள் தவிர எட்டாம் தலைமுறை முதல் மேலே இருக்கவேண்டும், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல். அக்காவின் கணினி ஆறாம் தலைமுறை. ரேமைக் கூட்டலாம், வட்டை மாற்றலாம், மடிக்கணினியில் தலைமுறையை மாற்ற முடியாது.

டிபிஎம் என்பது வீண் தடையில்லை என்பதையும் சொல்லவேண்டும். வட்டைப் பூட்டும் சாவியை வட்டிலேயே வைத்தால், வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதை. டிபிஎம் அந்தச் சாவியைத் தனிச் சில்லுக்குள் வைத்திருக்கிறது. கணினி எழும்போது ஒவ்வொரு படியும் யாரும் கைவைக்காததுதானா என்று அளந்து பார்த்து, சரியாக இருந்தால்தான் சாவியை நீட்டும். மடிக்கணினி திருடுபோனால் உள்ளே இருக்கும் பிள்ளையின் படமும் வங்கிக் கணக்கும் திருடனுக்குக் கிடைக்காது. நல்ல காரியம்தான்.

செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். இருபத்தைந்து வருஷம் போனால் மரம் உயர்ந்துவிடும். காய்ப்பது நின்றிருக்காது, ஆனால் நீளக் கம்பில் கட்டிய அரிவாள் குலைக்கு எட்டாது. கம்பெனி மறுநடவு என்று தீர்மானித்து, காய்க்கிற மரத்தையே சாய்த்துவிடும். மரத்தில் குறையில்லை, அரிவாளுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். விண்டோஸ் 11க்கு ஆறாம் தலைமுறைச் சில்லும் அப்படித்தான்.

மூன்று வழி இருக்கிறது. ஒன்று, நீட்டிப்பு. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை இன்னும் ஒரு வருஷம் ஒட்டுப் போட்டுத் தர மைக்ரோசாஃப்ட் ஒத்துக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து உங்கள் அமைப்புகளை அவர்களின் இணையச் சேமிப்பில் வைக்க விட்டால் காசில்லை. இல்லாவிட்டால் அவர்களின் ரிவார்ட்ஸ் புள்ளிகள் ஆயிரம், அல்லது முப்பது அமெரிக்க டாலர். இரண்டு, சோதனையை ஏமாற்றிப் பதினொன்றை ஏற்றுவது. இணையத்தில் வழி சொல்லித் தருகிறார்கள், ஓடவும் ஓடும், ஆனால் அப்படிப்பட்ட கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்று உறுதியில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது. மற்றவர் கணினியில் நான் அதைச் செய்வதில்லை. மூன்றாவது வழி, குடிவேறு போவது.

குடி என்றதும் லயத்து வீடு நினைவுக்கு வருகிறது. என் அப்பா தோட்டத்தில் கிராணி, அதாவது எழுத்தர். கிராணி வீடு தொழிலாளர் லயத்தைவிடக் கொஞ்சம் பெரியது, ஆனால் இரண்டுக்கும் சட்டம் ஒன்று: வேலை இருக்கும்வரை வீடு. தண்ணீர், விளக்கு, ஒழுகும் கூரை எல்லாம் கம்பெனி பார்க்கும். ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். விண்டோஸையும் மேக்கையும் நாம் "வாங்குகிறோம்" என்றாலும், ஒப்பந்தத்தைப் படித்தால் கையில் இருப்பது பயன்படுத்தும் உரிமம்தான். குறை சொல்லவில்லை, கூரையைக் கம்பெனி நன்றாகவே பார்த்துக்கொள்கிறது. எந்தத் தேதியில் வெளியேறவேண்டும் என்பது மட்டும் நம் கையில் இல்லை.

விண்டோஸ் அந்தத் தேதியைப் பல வருஷம் முன்பே அறிவித்துவிடும். ஆப்பிள் அறிவிப்பதில்லை. கடைசி மூன்று பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் கொடுப்பது அவர்களின் வழக்கம், எழுதி வைத்த வாக்குறுதி இல்லை. 2025 செப்டம்பரில் வந்த மேக்ஓஎஸ் 26 தான் இன்டெல் சில்லுள்ள மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று சொல்லிவிட்டார்கள். மேக் இதுவரை மூன்று முறை சில்லு மாறியிருக்கிறது: மோட்டரோலாவில் இருந்து 1994இல் பவர்பிசி, 2006இல் இன்டெல், 2020இல் எம்1 தொடங்கிச் சொந்தச் சில்லு. வன்பொருளும் மென்பொருளும் ஒரே கையில் இருப்பதால் இப்படி வேரோடு பிடுங்கி நட முடிகிறது. பழைய நிரல்கள் புதுச் சில்லில் ஓட ரொசெட்டா என்று ஒரு மொழிபெயர்ப்பாளரையும் உள்ளே வைத்தார்கள், வேலை அற்புதமாகச் செய்தது. ஆனால் சில வருஷத்தில் அந்த மொழிபெயர்ப்பாளரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவது அவர்கள் பழக்கம்.

மேக் பற்றி எனக்குப் பொறாமை கலந்த மரியாதை உண்டு. எம்1 வந்த பிறகு விசிறியே இல்லாத மேக்புக் ஏர் காலையில் இருந்து மாலை வரை மின்சாரம் கேட்காமல் ஓடுகிறது. கல்யாண வீடியோ வெட்டும் தம்பிகள் ஏன் அதைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள் என்று புரிகிறது. ஆனால் அதன் ரேம் உள்ளேயே கட்டப்பட்டது, வாங்கிய அன்று எவ்வளவோ கடைசிவரை அவ்வளவுதான். ஆப்பிள் தானே நடத்தும் கடை இந்த நாட்டில் 2024 ஜூனில்தான் முதன்முதலாகத் திறந்தது, கோலாலம்பூர் டிஆர்எக்ஸில். என் மேசையில் நான் அதற்குச் செய்யக்கூடியது திரையைத் துடைத்துக் கொடுப்பதுதான்.

லினக்ஸ் பிறந்த கதை வேறு. 1991 ஆகஸ்டில் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், சும்மா பொழுதுபோக்காக ஒரு கர்னல் எழுதிக்கொண்டிருப்பதாக இணையக் குழுவொன்றில் அறிவித்தார். கர்னல் என்பது இயங்குதளத்தின் அடிமனை: சில்லு, ரேம், வட்டு இவற்றை நிரல்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும் பகுதி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் தொடங்கிய குனு திட்டத்திடம் மற்ற கருவிகள் இருந்தன, கர்னல்தான் இல்லை. இரண்டும் சேர்ந்தன. 1992இல் டோர்வால்ட்ஸ் அதை ஜிபிஎல் என்ற உரிமத்தின் கீழ் வெளியிட்டார். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால் பிறருக்குக் கொடுக்கும்போது மூல நிரலையும் அதே உரிமையோடு கொடுக்கவேண்டும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது முற்றிலும் புதிய யோசனை இல்லை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போன காலத்தில், 1960இல், இதே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளியின் சிறுகாசைச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்குவது நோக்கம். ஜிபிஎல்லும் கூட்டுறவும் ஒன்றல்ல, அதை வக்கீல்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். உழைக்கிறவன் கையில் மண் இருக்கவேண்டும் என்ற எண்ணம் இரண்டிலும் ஓடுகிறது என்பது என் கணிப்பு.

சொந்த மண் என்றால் கிணறும் நாம்தான் வெட்டவேண்டும். லினக்ஸின் குறை அங்கேதான் தெரியும். லினக்ஸ் என்று ஒரே பொருள் கிடையாது. ஒரே கர்னலைச் சுற்றி டெபியன், உபுண்டு, ஃபெடோரா, மின்ட் என்று ஆளாளுக்கு ஒரு வீடு கட்டியிருக்கிறார்கள். புதிதாக வருகிறவர் எந்த வீட்டுக்குப் போவது என்றே குழம்பிப்போவார். பழைய கணினிக்கு நான் போடுவது மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ வகை. 2024இல் வந்த மின்ட் 22க்கு 2029 வரை ஆதரவு உண்டு. 2 ஜிபி ரேமில் ஓடும், 4 இருந்தால் நிம்மதி. முக்கியமானது, நிறுவாமலேயே பென்டிரைவில் இருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டர் பேசுகிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பெண் பார்த்துவிட்டு முடிவு சொல்லும் வசதி மற்ற இரண்டிலும் இவ்வளவு சுலபமில்லை.

தோட்டப் பக்கத்துக்கு இன்னொரு விஷயம் பெரிது: இணையம். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பை முதல்முறை அமைக்கும்போதே இணைப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். கைப்பேசிக் கோடு ஒன்றரை நிற்கும் இடத்தில் அது தலைவலி. மின்ட் அப்படி எதுவும் கேட்பதில்லை. ஈப்போவில் சுமார் 3 ஜிபி கோப்பை இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்தால், கோடே இல்லாத வீட்டிலும் நிறுவிவிடலாம்.

இனி விண்டோஸின் பக்கம். எனக்குத் தெரிந்த ஒரு தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் (ஆள் வரவு, சம்பளப் பதிவேடு) கணக்குக்கு ஒரு மென்பொருள் இருந்தது. யாரோ ஒருவர் தொண்ணூறுகளின் கடைசியில் எழுதிக் கொடுத்தது. ஆள் வரவு, பறித்த குலை, பிடித்தம், முன்பணம் எல்லாம் அதில். எழுதியவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அது எக்ஸ்பியில் ஓடியது, ஏழில் ஓடியது, பத்தில் ஓடியது, புள்ளி அச்சுப்பொறியில் கர்ரென்று சம்பளச் சீட்டும் அடித்தது. பழையதைக் கைவிடாமை என்பதுதான் விண்டோஸின் உண்மையான பலம், இதை அதன் எதிரிகள்கூட ஒத்துக்கொள்வார்கள். 1993இல் வந்த விண்டோஸ் என்டி அடித்தளத்தின் மேல்தான் 2001 எக்ஸ்பி முதல் இன்றைய பதினொன்று வரை நிற்கிறது. பழைய 32 பிட் வகை நிரல்கள் இன்னும் அதில் ஓடும். அதைவிடப் பழைய 16 பிட் காலத்துச் சரக்கு மட்டும் 64 பிட் விண்டோஸில் ஓடாது, பதினொன்றில் 32 பிட் பதிப்பே கிடையாது. ஆப்பிள் 2019இலேயே 32 பிட் நிரல்களை ஒரே வெட்டாக வெட்டிவிட்டது. லினக்ஸில் கர்னலைப் பொறுத்தவரை டோர்வால்ட்ஸ் பிடிவாதக்காரர், ஓடிக்கொண்டிருந்த நிரலை உடைக்கும் மாற்றத்தை ஏற்கமாட்டார். ஆனால் மேலே கட்டிய வீடுகளில் நிரல்கள் நம்பியிருக்கும் துணை நிரல் தொகுப்புகள் மாறிக்கொண்டே இருப்பதால் பத்து வருஷப் பழைய நிரல் அப்படியே ஓடும் என்று சொல்ல முடியாது. வைன் என்ற கருவியால் சில விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டலாம். சம்பளக் கணக்கை நான் அதன் மேல் ஏற்றமாட்டேன்.

இந்தப் பலமே பலவீனமும். பழைய வாசல்களைத் திறந்து வைத்தால் திருடனுக்கும் வசதி. 2024 ஜூலை 19ஆம் தேதி நினைவிருக்கும்: கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான ஒரு கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்தன. கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவின் 2ஆம் முனையத்தில் ஏர் ஏசியா பயணிகளை ஆட்களை வைத்துப் பதிவு செய்தது. அந்த மென்பொருள் கர்னலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்ததுதான் விஷயம். சாதாரண நிரல் விழுந்தால் அது மட்டும் விழும், அடிமனையில் இருப்பது விழுந்தால் வீடே விழும். மேக்கில் ஆப்பிள் சில வருஷங்களாக வெளியார் மென்பொருளைக் கர்னலுக்கு வெளியே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. தன் வீட்டில் தான் வைத்ததே சட்டம் என்பதால் அவர்களால் முடிந்தது. லினக்ஸிலும் வெளியார் பகுதிகளைக் கர்னலில் ஏற்றலாம், அங்கும் விழுந்த வரலாறு உண்டு. "லினக்ஸில் ஒன்றும் ஆகாது" என்று மார்தட்டுபவர்களை நம்பவேண்டாம்.

திருத்தம் போடும்போது விண்டோஸ் ஏன் மறுபடி மறுபடி அணைத்துப் போடச் சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். விண்டோஸில் ஒரு கோப்பு பயன்பாட்டில் இருந்தால் பொதுவாக அது பூட்டப்படும், எல்லாரும் எழுந்து போன பிறகுதான் மாற்றலாம். லினக்ஸில் கோப்பின் பெயரும் உள்ளடக்கமும் தனித்தனி. ஓடும் நிரல் பழைய உள்ளடக்கத்தையே பிடித்துக்கொண்டிருக்க, பெயரைப் புதிய உள்ளடக்கத்தோடு இணைத்துவிடலாம். அடுத்த முறை திறக்கும்போது புதியது வரும். பெரும்பாலும் கர்னல் போன்ற அடிப்பகுதி மாறினால்தான் மறுதொடக்கம் தேவைப்படும்.

பென்டிரைவ் சண்டையையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். கல்யாண வீடியோ ஏறவில்லை என்று வருபவர்கள் பென்டிரைவைக் குறை சொல்வார்கள். அது கோப்புகளை அடுக்கும் ஃபேட்32 என்ற பழைய முறையில் இருக்கும், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. என்டிஎஃப்எஸ் முறையில் போட்டால் மேக் படிக்கும், எழுதாது. எக்ஸ்ஃபேட் என்று மாற்றிக்கொள்ளுங்கள், மூன்றிலும் ஓடும்.

தமிழ் எழுதுவதைப் பற்றிப் பேசாமல் போனால் ஊரில் விடமாட்டார்கள். எங்கள் ஊர்க் கோயில் அலுவலகத்தில் இருந்து ஒரு பழைய வட்டு வந்தது. 2000களின் தொடக்கத்தில் தட்டிய திருவிழா நன்கொடைப் பட்டியல். எந்த இயங்குதளத்தில் திறந்தாலும் வெறும் கோணல்மாணல். கெட்டுப்போன கோப்பில்லை அது. அக்காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் எண்களிலேயே தமிழ் வடிவங்களை ஒட்டி வைத்திருந்தன. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தமிழும் இல்லை. எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் ஒருங்குறி (யூனிகோட்) வந்தபோது கதை மாறியது. அதில் 'கொ' என்பது 'க' என்ற எழுத்தும் அதன் பின்னே ஓர் உயிர்க்குறியுமாகச் சேமிக்கப்படும். திரையில் காட்டும்போது ஒற்றைக் கொம்பை 'க'வுக்கு முன்னால் கொண்டு வந்து, துணைக்காலைப் பின்னால் வைப்பது இயங்குதளத்தின் வேலை. இந்த வேலையை விண்டோஸ் ஒரு விதமாகவும், மேக் வேறு விதமாகவும், லினக்ஸ் ஹார்ஃப்பஸ் என்ற பொறி மூலமும் செய்கின்றன. விண்டோஸில் இது 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் லதா எழுத்துருவோடு வந்தது. எக்ஸ்பியில் அதற்கான பகுதியைக் குறுவட்டைப் போட்டுத் தனியாக ஏற்ற வேண்டும். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் பத்து வெள்ளிக்கு வாங்கிய வட்டு அந்த நேரம் பார்த்துக் கோடு விழுந்து கிடக்கும்.

மேக்கைத் திறந்து எழுத்துருப் பட்டியலில் தேடினால் இணைமதி என்று ஒன்று இருக்கும். அதைச் செய்தவர் நம் நாட்டு முத்து நெடுமாறன், தமிழ் தட்ட முரசு அஞ்சல், செல்லினம் என்ற மென்பொருள்களைத் தந்தவர். அவருடைய அஞ்சல் விசைமுறை மேக்கிலேயே உள்ளது, தமிழ்99 என்ற விசைமுறையும் உள்ளது. விண்டோஸ் 11இலும் தமிழ்99, அஞ்சல் இரண்டையும் அமைப்புகளில் சேர்த்துக்கொள்ளலாம், தனி மென்பொருள் தேவையில்லை என்பது பலருக்குத் தெரியவில்லை. லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் பொதியை ஏற்றினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சு எல்லாம் வரும். ஏற்றவேண்டும் என்பதுதான் தொல்லை. தமிழில் தட்டுவதில் மட்டும் நான் மதிப்பெண் போட்டால் மேக்குக்கே முதலிடம். நம் ஆள் கைபட்ட இடம் என்ற பாசமும் அதில் கலந்திருக்கிறது, மறைக்கவில்லை.

குரோம்புக் பற்றி நாலு வரி. 2013 வாக்கில் நம் பள்ளிகளுக்கு அது வந்தபோது பல ஆசிரியர்கள் அதைப் பாதிக் கணினி என்றார்கள். உள்ளே இருப்பது லினக்ஸ் கர்னல், மேலே இருப்பது குரோம் உலாவி. பள்ளிப் பாடமெல்லாம் கல்வி அமைச்சின் டெலிமா இணையத் தளத்துக்கும், வருமான வரி இணையப் பக்கத்துக்கும் போய்விட்ட இந்தக் காலத்தில் அந்தப் பாதியே பலருக்கு முழுசாக இருக்கிறது. 2021 முதல் வெளிவந்தவற்றுக்குப் பத்து வருஷத் திருத்தம் என்று கூகுள் அறிவித்திருக்கிறது. பழைய கணினியில் ஏற்ற குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் அதில் ஆண்ட்ராய்டு செயலிகள் ஓடாது. இணையம் அறுந்தால் பாதி வேலையும் அறுந்துவிடும்.

இனி அக்காவின் கணினி. சுழலும் வட்டைக் கழற்றி, சுழலாத வேக வட்டான எஸ்எஸ்டி போட்டேன், வேறு ஒரு செத்த கணினியில் இருந்து 4 ஜிபி ரேம் கிடைத்தது. உண்மையைச் சொன்னால், வேகத்தில் நீங்கள் காணும் வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த வட்டு மாற்றத்தால் வருவது, இயங்குதளத்தால் அல்ல. பிறகு உட்கார்ந்து கேட்டேன், வீட்டில் யார் எதற்குப் பாவிக்கிறார்கள் என்று. பெரியவனுக்கு டெலிமா, யூடியூப் பாடம், பள்ளி அறிக்கை. சின்னவளுக்கு ரோப்லக்ஸ் விளையாட்டு. "எனக்கு ஒன்னும் வேணாம் தம்பி, கடைக் கணக்கு 555 புத்தகத்துலயே இருக்கு" என்றார் அக்கா.

ரோப்லக்ஸ்தான் இடித்தது. அதன் நிறுவனம் லினக்ஸுக்கு அதிகாரபூர்வமாக எதுவும் கொடுப்பதில்லை. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடை வழியாக வரும் விளையாட்டுகள் பல இப்போது லினக்ஸில் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் வேலோரண்ட் மாதிரி ஏமாற்றுத் தடுப்பைக் கர்னலில் வைப்பவற்றில் பல ஓடவே ஓடாது. விளையாட்டுக்குக் கணினி வாங்குகிறவரிடம் நான் லினக்ஸ் பேச்சே எடுப்பதில்லை. எக்ஸெல் கணக்கோடு வாழ்கிறவரிடமும் யோசித்துத்தான் பேசுவேன். லினக்ஸோடு வரும் லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருள் பள்ளி அறிக்கைக்குத் தாராளமாகப் போதும், தலைமையகம் அனுப்பும் மேக்ரோ (எக்ஸெலுக்குள் எழுதிய சிறு நிரல்) நிறைந்த கோப்பில் தடுமாறும்.

அதனால் இரண்டையும் வைத்தேன். விண்டோஸ் 10ஐ நீட்டிப்பில் பதிவு செய்து ஒரு பக்கம், மின்ட் மறுபக்கம். கணினி எழும்போது எது வேண்டும் என்று கேட்கும். பெரியவன் இரண்டு நாளில் பழகிவிட்டான். மூன்றாம் நாள் அழைத்து, வாட்ஸ்அப்பில் வந்த கேள்வித்தாள் எந்தக் கோப்புறையில் விழுகிறது என்று கேட்டான், அவ்வளவுதான். பிரிண்டர் தானாகவே சேர்ந்துகொண்டது. லினக்ஸும் மேக்கும் அச்சடிக்க ஒரே கப்ஸ் முறையைத்தான் பாவிக்கின்றன என்பதால் இப்போதைய பிரிண்டர்கள் பலவும் தகராறு செய்வதில்லை. ஸ்கேன் மட்டும் இன்னும் வரவில்லை, கைப்பேசியில் படம் எடுத்துச் சமாளிக்கிறான்.

மடிக்கணினியின் அடிப்பக்கத்தில் வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் 13-10-2026 என்று எழுதிக் கொடுத்தேன். "இது என்ன தம்பி, சாகுற தேதியா?" என்றார் அக்கா. ஜன்னல் பக்கத்துக்கு மட்டும்தான் என்றேன். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.